இலைகளுக்குத் தீர்ப்புச் சொன்னவர்

முப்பது வருஷம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர் ஒரு தீர்ப்புகூட எழுதியதில்லை. அந்தக் குறையை ஓய்வு பெற்றபின் இலைதழைகளிடம் தீர்த்துக்கொண்டார். வீட்டில் இரண்டு மாடுகள். சாணி அள்ளி, தழை அறுத்து, பால் கறந்தவள் மனைவி. எந்தத் தழை ஆகும், எது ஆகாது என்று வாசலில் நாற்காலி போட்டுத் தெருவுக்கே சொன்னவர் இவர். தெருக்காரர்கள் ‘ஜட்ஜ்’ என்றார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

அவருடைய சட்டம் சின்னது. கிள்ளினால் பால் வடிகிற இலை விஷம்; மற்றதெல்லாம் தீவனம். எதிர்வீட்டுத் தையற்காரர் தன் மாட்டுக்குப் பலா இலை கொண்டுவந்தபோது, “பால் வடியுது, மாட்டைக் கொல்லப் பாக்கறீங்களா?” என்று இவர் கூடையையே கவிழ்த்தார். அந்த மாடு கீழே கொட்டியதை நிதானமாகத் தின்று முடித்தது.

ஒருநாள் காலையில் மனைவி தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள்.

“ஏங்க, வைக்கோல் மட்டும் போடுங்க. வேற எதுலயும் கை வைக்காதீங்க.”

“எனக்கே சொல்றியா நீ?”

அவள் தெருமுனை திரும்பியதும் அரிவாளோடு கொல்லைக்குப் போனார். மழையில்லாமல் கருகி, போன வாரத் தூறலில் மறுபடி துளிர்த்த சோளம் முழங்கால் உயரத்தில் தளதளவென்று நின்றது. கிள்ளிப் பார்த்தார். பால் இல்லை. ஒரு கட்டு அறுத்துச் சிவப்பு மாட்டுக்குப் போட்டார்.

கால் மணி நேரத்தில் மாடு நுரை தள்ளி, மூச்சிரைத்துச் சாய்ந்தது. ஜட்ஜ் மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். அரிவாளைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. தையற்காரர்தான் ஓடி, அடுத்த தெருவில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்த மாட்டு டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார். அவர் மாட்டின் நரம்பில் மருந்து ஏற்றி, மாடு தலை தூக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

“வாடித் துளிர்த்த இளஞ்சோளம் விஷம் சார். பூ எடுத்தப்புறம்தான் போடணும். யார் போட்டது?”

“வீட்லதான்... அவளுக்கு என்ன தெரியும்” என்றார் ஜட்ஜ்.

பஸ்ஸைத் தவறவிட்டுத் திரும்பிய மனைவி பின்னால் நின்றிருந்தாள்.

“ஆமா டாக்டரம்மா, எனக்கு ஒண்ணும் தெரியாது. இவர் கையில அரிவாளையே இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

எல்லோரும் அரிவாளைப் பார்த்தார்கள். அதில் சோளத்தழை ஒட்டியிருந்தது.

மூன்று நாள் அவர் வாசலுக்கு வரவில்லை. நான்காம் நாள், தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டார்.

“சோளத்துல ஒரு ரகசியம் இருக்கு சார். இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது.”