லூனாவின் வெற்று வரிகள்

ஜெர்மனியின் எசன் நகரில் பேருந்து ஓட்டும் எனக்கு எண்கள் என்றால் பைத்தியம். பக்கத்து வீட்டு ஜெயா அக்கா சென்ற வருடம் வேறொருவரிடமிருந்து லூனா என்ற கிரேஹவுண்ட் இனப் பந்தய நாயை வாங்கினார். பக்கத்து நகரான கெல்சென்கிர்ச்சனில் நடக்கும் நாயோட்டப் போட்டிகளுக்கு அவருடன் நானும் போவேன். எந்த நாய் வெல்லும் என்று முன்பே கணிக்க முடியுமா என அறிய எனக்கு ஆவல் வந்தது.

பழைய முடிவுகளைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு நாயின் சராசரி நேரத்தையும் கணக்கிட்டேன். சில வரிகளில் நேரம் பதிவாகவில்லை. அவற்றை அழித்துவிட்டேன். அடுத்த போட்டி நாளில், முதல் இரண்டு ஓட்டங்களிலும் என் கணிப்பு அப்படியே பலித்தது.

மூன்றாவது லூனாவின் ஓட்டம். ஜெயா அக்கா தயங்கினார். "காலை ஒரு மாதிரி வைக்கிறாள், தம்பி. ஓட விடவோ?"

"ஓம் அக்கா, விடுங்கோ. அவள்தான் முதலாவதா வருவாள்."

வளைவில் லூனா நொண்டிக்கொண்டு நின்றுவிட்டாள். அக்கா அழுதபடி ஓடினார். நல்லவேளை, வெறும் சுளுக்குத்தான். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் எலும்பு முறிந்திருக்கும் என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்து அழித்த வரிகளைத் தேடினேன். அவற்றில் நான்கு லூனாவுடையவை, அக்கா அவளை வாங்கும் முன் ஓடியவை. ஓட்டத்தை முடிக்காத நாய்க்கு நேரம் எப்படிப் பதிவாகும்? நன்றாக ஓடிய நாட்களை மட்டும் வைத்து அவளை நான் அளந்திருக்கிறேன்.

"நான் சொன்னது பிழை, அக்கா" என்று மன்னிப்புக் கேட்டேன்.

இப்போதும் கணிக்கிறேன். ஆனால் எந்த வரியையும் அழிப்பதில்லை. நாய் நடப்பதைப் பார்த்த பிறகுதான் கணினியைத் திறக்கிறேன்.