நகலுக்குக் கட்டிய பணம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூலி வேலைக்குப் போனவன் நான். கந்தர்வக்கோட்டைப் பக்கம் கிணறு வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் இது நடந்தது.

என் கூட்டாளி கருப்பையா கிணற்றுக்குள் தவறி விழுந்துவிட்டதாக மேஸ்திரி சொன்னார். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்த கருப்பையாவும் அதையே சொன்னான். கிணற்றுக்காரரிடம் நஷ்டஈடு கேட்க, டாக்டர் எழுதிய காயக் குறிப்பின் நகல் வேண்டியிருந்தது. என்னையும் ஆஸ்பத்திரி ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய், அதற்கான கட்டணத்தை மேஸ்திரியே கட்டினார்.

நகல் எழுதி முடித்ததும் ஒரு குமாஸ்தா மூலத்தைச் சத்தமாகப் படிப்பார். இன்னொருவர் நகலைச் சரிபார்ப்பார். அன்று இங்கிலீஷில் படித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி எங்களைப் பார்த்தார்.

“என்னங்க எழுதியிருக்கு?” என்றேன்.

“இது விழுந்த காயமே இல்லைன்னு டாக்டர் எழுதியிருக்காரு. முதுகு பூரா தடியால அடிச்ச தடமாம்.”

மேஸ்திரி குனிந்து, “ஐயா, விழுந்ததுன்னே மாத்திக் குடுங்க. இன்னொரு மடங்கு கட்டுறேன்” என்றார்.

“நகலுக்குத்தான்யா பணம். டாக்டர் பார்த்ததை மாத்த இங்கிட்டு ரேட்டு கிடையாது.”

வார்டுக்கு ஓடினேன். “யாருடா ஒன்னைய அடிச்சது?” என்று கேட்டேன்.

கருப்பையா எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தான். மேஸ்திரி வந்துகொண்டிருந்தார்.

“தவறித்தாண்ணே விழுந்தேன்” என்றான்.

கிணற்றில் கல் சரிந்து ஆள் செத்ததைப் பார்த்திருக்கிறேன். அப்போதுகூட நான் அன்றைக்குப் போலப் பயந்ததில்லை. இன்றும் யாராவது தவறி விழுந்துவிட்டதாகச் சொன்னால், அவர் பக்கத்தில் நிற்பது யார் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.