நடுநிலை என்று ஓர் அத்தியாயம்

அரசியலும் பொதுக்கொள்கையும் எம்.ஏ. படிக்கிறேன் என்று சொன்னால் சோமனூரில் முதல் கேள்வி, எந்தக் கட்சி. இரண்டாவது கேள்வி, எந்த வார்டு. ஒரு கல்யாண மண்டபத்தில் அத்தை ஒருவர் என் கன்னத்தைக் கிள்ளி, ஜெயிச்சு வந்ததும் எங்க தெருச் சாக்கடையக் கொஞ்சம் பாரு என்று கோரிக்கையே வைத்துவிட்டார். அப்பா மட்டும் எதுவும் கேட்டதில்லை. எட்டு விசைத்தறி ஓடிய வருமானத்தில் கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் எனக்கு விடுதி பிடித்துக் கொடுத்துவிட்டு, படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிப் போனவர் அவர்.

எங்கள் ஊர்த் தொழில் இப்படித்தான்: ஜவுளி உற்பத்தியாளர்கள் பாவும் நூலும் கொடுப்பார்கள், எங்களைப் போன்ற தறிக்காரர்கள் கூலிக்கு நெய்து துணியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அந்தக் கூலியை உயர்த்தச் சொல்லி ஊர் முழுக்கத் தறிகளை நிறுத்தினார்கள். அரசு அதிகாரிகள் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசத் தொடங்கியதும், என் ஆய்வேட்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது என்று துள்ளினேன். சொந்த வீட்டில் தறி நின்று கிடக்கும்போது அதைத் தலைப்பாகப் பார்க்கும் புத்தியைப் படிப்புதான் கொடுத்திருக்க வேண்டும்.

ஆய்வு நெறியாளராக இருந்த மேடம் எங்கெங்கோ பேசி, பேச்சுவார்த்தை நடக்கும் அறையில் நான் பார்வையாளராக உட்கார அனுமதி வாங்கினார். என் அப்பா தறிக்காரர் என்பதை மறைக்காமல் சொல்லித்தான் வாங்கியிருந்தார். ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை அங்கே கேட்ட எதுவும் வெளியே போகக்கூடாது என்பது நிபந்தனை. "உனக்காக என் பேரை அடகு வச்சிருக்கேன். உனக்கு அப்புறம் வர்ற பசங்களுக்கும் அந்தக் கதவு திறக்கணும்" என்றார். நான் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினேன். 'ஆய்வாளரின் நடுநிலை' என்று ஓர் அத்தியாயமும் எழுதிக் கொடுத்தேன். இதில் புத்தகம்தான் இருக்கிறது, நீ இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்ட அறையில் காற்றே இல்லாதது போலிருந்தது. ஒரு தரப்பு எழுந்து வெளியே போனது, சமாதானப்படுத்தி அழைத்து வந்தார்கள், இன்னொரு தரப்பு எழுந்தது. கொண்டுவந்து வைத்த டீயை யாரும் தொடவில்லை. எங்கள் ஊர்க்காரர்களில் இரண்டு பேர் என்னைச் சின்ன வயசிலிருந்து தெரிந்தவர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை. சாயங்காலம், எல்லோரும் சலித்துப்போயிருந்த நேரத்தில், சட்டென்று பேரம் படிந்துவிட்டது. இரு தரப்பும் தங்கள் சங்க நிர்வாகிகளிடம் மட்டும் சொல்லி ஒப்புதல் வாங்கி வர வேண்டும், திங்கட்கிழமை கையெழுத்து. அதுவரை யாரும் மூச்சு விடக்கூடாது, போன முறை பாதிச் சேதி வெளியே போய்த்தான் எல்லாம் கெட்டது என்றார் அதிகாரி. சொல்லும்போது அவர் பார்வை பின்வரிசையில் என் மேல் கொஞ்சம் நின்றது.

சந்தோஷத்தில் படிகளில் ஓடித்தான் இறங்கினேன். ஃபோனில் அம்மா பலமுறை கூப்பிட்டிருந்தார். திருப்பிக் கூப்பிட்டேன்.

"இனி வட்டி கட்ட முடியாதுன்னு உங்கப்பா தறியெல்லாம் பழைய இரும்புக்காரங்கிட்டப் பேசி முடிச்சுப்போட்டாரு கண்ணு. நாளைக்குக் காத்தால லாரி வருது. நல்ல சேதி ஏதாச்சும் வந்தா அட்வான்ஸத் திருப்பிக் குடுத்துப்போடலாங்கறாரு. இருக்குதா?"

வீட்டுக்கு வந்து பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். அப்பாவிடம் மட்டும் சொன்னால்? அவர் தன் அண்ணனிடம் மறைக்க மாட்டார். பெரியப்பாவுக்குத் தெரிந்தால் டீக்கடைக்குத் தெரியும். விடிவதற்குள் ஊர் பேசும். நாங்க எப்ப ஒத்துக்கிட்டோம் என்று எதிர்த் தரப்பு எழுந்து போய்விட்டால், மறுபடி தொடங்க எத்தனை நாளாகும் என்று யாருக்கும் தெரியாது. எங்களைப் போல நின்று கிடக்கும் வீடுகள் தெருத்தெருவாக இருக்கின்றன. சொல்லாவிட்டால் எங்கள் எட்டுத் தறி போகும். பாடத்தில் இந்தச் சிக்கலுக்கு ஒரு பெயர் உண்டு. பரீட்சையில் நன்றாகவே எழுதியிருந்தேன்.

சாப்பிடும்போது அம்மா என் தட்டில் தோசையை வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"சொல்லக் கூடாதுங்கம்மா" என்றேன்.

"உங்கப்பனுக்கே சொல்லக் கூடாத சேதியா?"

"அவளக் கேக்காத" என்றார் அப்பா. "அங்க வாக்குக் குடுத்துப்போட்டு வந்திருக்கறா."

அவர் தட்டைப் பார்த்தே பேசினார். எனக்கு ஓர் ஆசை இருந்தது. என் முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். சின்ன வயதில் ஸ்கூலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மார்க் குறைந்ததைக் கண்டுபிடிக்கிறவர். பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும், நான் சொன்னதாக இருக்காது. எதிரிலேயே உட்கார்ந்து முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, என் பக்கம் திரும்பாமலே வெளியே போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. பெற்ற மகள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கக்கூட முடியாத மனுஷன் என்ன மனுஷன்?

லாரி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. நான்கைந்து பேர் இறங்கி போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கினார்கள். கழற்ற முடியாததைச் சம்மட்டியால் அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்க, அவ்வளவுதான், அந்த ஒரு வார்த்தை. அப்பா தறிக்குடோன் வாசலில் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். அப்பா என்று கூப்பிட்டேன். அவர் திரும்பாமல், வெயில்ல நிக்காத, உள்ள போ அம்மணி என்றார். நான் உள்ளே போனேன். அம்மா அடுப்படியில் எனக்கு இடம்விடாமல் நின்றுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கையெழுத்தானது. நான் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். எல்லோரும் கை தட்டியபோது நானும் தட்டினேன். சாயங்காலம் ஊருக்குப் போனால் பஸ் ஸ்டாப்பில் வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஒவ்வொரு வீடாகத் தறி ஓடத் தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டில் டி.வி. ஓடியது.

அப்பா சத்தத்தைக் குறைத்தார். "வெள்ளிக்கிழமையே தெரியுமா கண்ணு?"

"தெரியுங்கப்பா."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அதன் பிறகு பல வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. இன்றைக்கும் கோபம் வந்தால் அதில்தான் தொடங்குவார்.

அப்பா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன்ற மூஞ்சியப் பார்த்தா எனக்குத் தெரிஞ்சு போயிரும் கண்ணு. அதனாலதான் நான் பாக்கவே இல்ல" என்றார்.

அழுதேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் கேட்காத அளவுக்கு அவர் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார்.

வெள்ளகோவிலில் மாமாவின் எண்ணெய் மில்லுக்கு அப்பா வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் எனக்கு வாய்மொழித் தேர்வு வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டை ஆர்வமாகத்தான் படித்திருந்தார். நடுநிலை அத்தியாயத்தில் விரலை வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நீங்க தறிக்காரர் வீட்டுப் பொண்ணுன்னு போட்டிருக்கீங்க. கூலி கூடினா உங்க குடும்பத்துக்கும் லாபம். அப்புறம் எப்படி நடுநிலைன்னு எடுத்துக்கறது?"

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு எல்லாம் தெரியும்.

"எங்க வீட்டுல இப்ப தறி இல்லைங்க சார்" என்றேன்.

அப்படியென்றால் சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் அடுத்த அத்தியாயத்துக்குப் போனார்.