அம்மை வீட்டில் ஆணிச் சத்தம்

எங்கள் ஹவுஸ் ஓனர் அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தால் எனக்குப் பயம். முறைத்துக்கொண்டு வருகிறவர்களைச் சமாளித்துவிடலாம். சிரித்துக்கொண்டே வந்து, போகிற போக்கில் ஜன்னல் விளிம்பில் ஒரு விரலை இழுத்து, அந்த விரலைப் பார்க்காமலேயே முந்தானையில் துடைத்துக்கொள்கிற ஆளை என்ன செய்வது?

கடலூர் செம்மண்டலத்தில் அந்த வீட்டுக்கு 2008இல் குடிபோனோம். அந்த அம்மா சிதம்பரத்தில் வடக்கு வீதிப் பக்கம் தனியாக இருந்தார். மாசம் பிறந்தால் பஸ் பிடித்து வந்து வாடகை வாங்கி, காபி குடித்து, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார். என் வீட்டுக்காரருக்குப் பெண்ணாடம் பக்கம் சர்க்கரை ஆலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார். ஆகவே அந்தச் சிரிப்பைச் சமாளிப்பது என் பொறுப்பாகிவிட்டது. நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டு, ஒரே மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டோடு சேர்த்துத் தன் சோஃபா செட்டையும் ஸ்கிரீன்களையும் எங்கள் தலையில் கட்டியிருந்தார். ஏதோ கடையில் ஒரு முழுச் சுருள் துணி வாங்கி, சோஃபாவுக்கும் ஜன்னல்களுக்கும் ஒரே துணியில் தைத்துப் போட்டிருந்தார். கடுகு மஞ்சளில் பழுப்பு இலை. "தாராளமா உக்காருங்க" என்றார் முதல் நாளே. அந்த 'தாராளமா' என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கறை பட்டால் அட்வான்ஸில் கழிப்பதற்கு வைத்த பொறி என்று தோன்றியது. நாங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். சோஃபாவின் மேல் பழைய போர்வையை விரித்து வைத்தேன். அவர் வருகிற அன்று மட்டும் எடுப்பேன்.

ஸ்கிரீனுக்கு வேறு பாடம் நடத்தினார். "முறுக்கிப் புழியாதம்மா. நெழல்ல காய வையி. ஈரம் இருக்கும்போதே கம்பியில மாட்டிடு. தண்ணி கனத்துக்கே சுருக்கமெல்லாம் எறங்கிடும், இஸ்திரி வேணாம்." கரன்ட் செலவாகிறதென்று மறைமுகமாகச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். செய்து பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. இஸ்திரி போட்டது போலவே தொங்கியது. இருந்தாலும், நான் அப்படித்தான் செய்கிறேனா என்று அவருக்குத் தகவல் போகிறது என்ற சந்தேகம் எனக்கு விடவில்லை. எதிர்வீட்டுக்காரி அவருக்குத் தூரத்துச் சொந்தம். அவள் வாசலில் பூக்கட்டிக்கொண்டே எங்கள் துணிக்கொடியைப் பார்ப்பாள்.

2011 கடைசியில் அந்தப் புயல் வந்தது. விடியற்காலையில் ஹால் ஜன்னலின் ஒரு கதவு பிய்த்துக்கொண்டு போய், மழை நேரே சோஃபாவில் இறங்கியது. நானும் மகளும் கதவை முட்டுக்கொடுத்துப் பிடிப்பதா, சோஃபாவை நகர்த்துவதா என்று தடுமாறினோம். அது நகரவில்லை. காற்று நின்றபோது போர்வை, துணி, உள்ளே இருந்த பஞ்சு எல்லாம் தண்ணீர் குடித்து உப்பியிருந்தன.

ஊர் முழுக்க மரம் விழுந்து கிடந்தது. கரன்ட் வருவதற்கே பல வாரம் ஆயிற்று. அப்போதுதான் எங்கள் தெருவில் இரண்டு குடித்தனங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். ஓடு பறந்து வீடிழந்தவர்கள், வேலைக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள் என்று ஆளாளுக்கு வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். கேட்ட வாடகை கிடைத்தது. ஓனர்களுக்கு ஒரு சாக்குதான் வேண்டும். எங்கள் ஹாலில் அந்தச் சாக்கு நாறிக்கொண்டு கிடந்தது.

மகளுக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. அந்தச் சமயத்தில் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தால் அவள் படிப்பு என்னாவது? பரீட்சை முடிகிறவரை அந்த வீட்டில் இருந்தாக வேண்டும். எனக்கு வேறு யோசனையே இல்லை.

குஷன் வேலை செய்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் சோஃபாவை ஒரு குத்துக் குத்திவிட்டு, "உள்ள எல்லாம் போச்சு, கடைக்கு எடுத்துட்டுப் போயித்தான் பாக்கணும்" என்றார். கடைக்குப் போனால் உள்ளே நல்ல நாரை எடுத்துவிட்டுக் கந்தலை அடைப்பார். அதுவும் போகட்டும், சோஃபா தெருவில் இறங்குவதை எதிர்வீட்டுக்காரி பார்ப்பாள். நானே செய்துகொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

கவிழ்த்துப்போட்டு, ஸ்க்ரூடிரைவரால் ஆணிகளை நெம்பி எடுத்து, துணியைப் பிரித்தேன். அடியில் இழுத்துக் கட்டியிருந்த நாடா இற்றுப்போயிருந்தது. தேங்காய் நார் மெத்தை கறுப்பாகப் பூத்திருந்தது. நாரை உதறி, மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துக் காயவைத்தேன். ஃபோமைப் பெரிய பேசினில் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் போட்டு, மகளும் நானும் மாறி மாறி மிதித்தோம். பிழிந்தால் பிய்ந்துவிடும், மிதித்துத்தான் தண்ணீரை எடுக்க வேண்டும். நாடாவுக்குப் பதிலாக அரிசிச் சாக்கைத் துவைத்து நீளநீளமாகக் கிழித்து, மூன்றாக மடித்துத் தைத்தேன். மரம் மட்டும் நல்ல தேக்கு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

துணிதான் பிரச்சினை. பழைய துணி கையோடு வந்துவிட்டது. அதே துணிக்கு எங்கே போவது? நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தம்மா தாராளமாகத்தான் தைத்திருந்தார். ஒவ்வொரு ஸ்கிரீனிலும் மடிப்பு ஜாஸ்தி, கீழே ஒரு முழம் உள்மடிப்பு. ஒவ்வொன்றிலும் இரண்டு மடிப்பைப் பிரித்து வெட்டி, கீழ்மடிப்பையும் அவிழ்த்தால் சோஃபாவுக்குத் தேறும். வெயில் பட்டு வெளுத்த பக்கத்தை உள்ளே திருப்பினால் நிறமும் சேரும். கம்பியின் துரு பட்ட இடங்களில் எலுமிச்சம்பழத்தையும் உப்பையும் தேய்த்து வெயிலில் வைத்தேன், கறை போய்விட்டது. மெலிந்த ஸ்கிரீன்களை இழுத்துவிட்டால் மட்டும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி தெரிந்தது. அந்த இடைவெளி நேரே எதிர்வீட்டைப் பார்த்தது.

ஜனவரியில் தன் வீட்டில் ஓடு மாற்றுகிற வேலை என்று அந்தம்மா வரவில்லை. பிப்ரவரியில் பிராக்டிகல் பரீட்சை என்று சொல்லி அவர் வருவதை நான் தள்ளிவிட்டேன். மாசம் பாதி போனபோது போன் வந்தது.

"ஞாயித்துக்கெழம வரேம்மா. வீட்டப் பாக்கணும்."

எதற்குப் பார்க்கணும்? யாரைக் கூட்டிக்கொண்டு வருகிறார்? என் வாய் என்னைக் கேட்காமல் சொன்னது: "வராதீங்கம்மா. பாப்பாவுக்கு அம்ம போட்டிருக்கு."

"அய்யோ, பரீட்ச நேரத்துலயா? பாத்துக்கம்மா. ஆத்தா பாத்துப்பா" என்று வைத்துவிட்டார்.

சொன்னால் போதுமா? எதிர்வீட்டுக்கும் தெரிய வேண்டுமே. கேட்டில் வேப்பிலை செருகினேன். மகள் ஸ்டடி லீவில் வீட்டோடு இருந்ததால் சௌகரியமாகப் போயிற்று. "ஏம்மா இப்படி?" என்றாள். "வாய மூடிக்கிட்டுப் படி" என்றேன்.

ஆனால் அம்மை வீடு என்றால் சும்மாவா? தாளிக்கக் கூடாது, வாசனை தெருவுக்குப் போகும். ஆகவே பொய் அம்மைக்காக நாங்கள் தாளிக்காத குழம்பைத் தின்றோம். தைக்கக் கூடாது. ஜாக்கெட் கொடுத்திருந்தவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று, "அப்பறமா வாங்கிக்கிறோம்" என்று போய்விட்டார்கள். நான் லாரி போகிற சத்தம் கேட்கிறபோது மட்டும் மெஷினை மிதித்து சோஃபா உறையைத் தைத்தேன். எதிர்வீட்டுக்காரி தெருவிலிருந்தபடியே, "தலைக்கு எப்பக்கா தண்ணி ஊத்துறீங்க?" என்று கேட்பாள். அக்கறையில் கேட்கிறாளா, கணக்குப் போடுகிறாளா?

அதற்கு மேல் ஒரு பயம். ஆத்தா பேரில் பொய் சொல்லியாகிவிட்டது. மகளின் நெற்றியில் ஒரு பரு வந்தாலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. காலையில் எழுந்ததும் அவள் முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அவள் கடுப்பாகி, "வந்தா சொல்றேன், விடு" என்பாள்.

உறை தைத்து முடிந்தது. ஆனால் துணியை இழுத்துச் சட்டத்தில் பிடிக்க ஆணி அடித்தே ஆக வேண்டும். பசை ஒட்டிப் பார்த்தேன், பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்தார்.

"சுத்தியில துணி சுத்திக்கிறேன். பூப்போல அடிச்சிடலாம்" என்றார்.

"அம்ம வீட்டுல ஆணி அடிப்பாங்களாங்க? அக்கம்பக்கம் என்ன நெனைக்கும்?"

"நீ சொன்ன பொய்க்கு நான் எத்தன நாளு காத்துக்கெடக்கறது? ஒரு மணி நேரத்துல முடிச்சிடுவேன்."

சின்ன ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு ஆரம்பித்தார். பூப்போல ஆரம்பித்தது போகப் போகப் பழக்கப்பட்ட அடியாகிவிட்டது. தேக்கு லேசில் ஆணி வாங்காது.

கேட் சத்தம் கேட்டது. ஸ்கிரீன் இடைவெளியில் பார்த்தேன். ஓனர் அம்மா. கையில் இரண்டு இளநீர், தோளில் பை. அம்மை வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பதால் கேட்டோடு நின்றுகொண்டிருந்தார். சிரிக்கவில்லை. நான் ஓடிப்போய் வாசலை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"நான் உள்ள வரல. இத கேட்டுல வெச்சிட்டுப் போறேன். கோயில்ல துன்னூறு வாங்கியாந்தேன், புள்ளைக்குப் பூசு" என்றவர், காதைத் திருப்பினார். "என்னம்மா சத்தம்?"

"பக்கத்து வீட்டுலம்மா. புயல்ல கதவு போயிடுச்சு, ரிப்பேரு."

எனக்குப் பின்னால் டொக் டொக்கென்று இரண்டு அடி விழுந்தது. என் வீட்டுக்காரருக்கு எப்போதுமே நேரம் காலம் தெரியாது.

அந்தம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, என்னைத் தாண்டி உள்ளே போனார். ஹாலில் சோஃபா கவிழ்ந்து கிடந்தது. வாயில் ஆணியோடு என் வீட்டுக்காரர் அப்படியே உட்கார்ந்திருந்தார். மூலையில் பிசிக்ஸ் புத்தகத்தோடு மகள் எழுந்து நின்றாள். கையும் களவுமாக மாட்டினோம். இனி என்ன, காலிதான் என்று நினைத்தேன்.

அவர் சோஃபாவைப் பார்க்கவில்லை. நேரே மகளிடம் போய், முகத்தைக் கையில் ஏந்தி, கன்னம், கழுத்து, கை எல்லாம் தடவிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லியே. ஒரு முத்துகூட இல்லியே" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆத்தா இறங்கி, பிள்ளைக்குக் குணமாகிவிட்டது என்றே நினைத்தார் போல. மகள்தான் சொன்னாள், "அம்மையே வரல பாட்டி. சோஃபா நனஞ்சிடுச்சு. நீங்க காலி பண்ணச் சொல்லிடுவீங்கன்னு அம்மா பயந்துட்டாங்க."

அவர் சோஃபாவைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். அரைநொடியில் எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இதுக்கா? ஒரு சோபாவுக்காகவா பெத்த புள்ள மேல அம்மையப் போட்ட?"

"இல்லம்மா, தெருவுல ரெண்டு வீட்ட காலி பண்ணச் சொன்னாங்க..."

"நான் சொன்னனா? நீ போன்ல சொன்ன அன்னிலேருந்து என் வீட்டுல அடுப்புல தாளிப்பு இல்ல. உப்பில்லாம ஒருவேள சாப்புடுறேன், உம் பொண்ணு பரீட்ச எழுதணும்னு. இன்னிக்கும் வயித்துல ஒண்ணுமில்லாமதான் பஸ் ஏறுனேன்."

அப்போதும் எனக்கு என்ன தோன்றியது என்றால், இதைச் சொல்லிக் காட்டி நம்மைக் குனிய வைக்கப் பார்க்கிறாரோ என்றுதான். என் புத்தி அப்படி. காபி போட எழுந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

பையிலிருந்து திருநீற்றை எடுத்து மகளின் நெற்றியில் பூசி, "நல்லா எழுது" என்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டபோது என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பரீட்ச முடியிற வரைக்கும் இருங்க. அதுக்கப்பறம் வேற வீடு பாத்துக்கங்க. இவ்ளோ சந்தேகத்த வெச்சிக்கிட்டு நான் எப்புடிம்மா இந்த வீட்டுக்கு வந்து போறது?"

"பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னன்ல, காலி பண்ணச் சொல்வாங்கன்னு" என்றேன் வீட்டுக்காரரிடம். அவர் வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகத் துப்பிவிட்டு எழுந்து வெளியே போனார்.

மே மாசம் கடலூரிலேயே வேறு தெருவுக்குப் போனோம். மகள் நல்ல மார்க் எடுத்தாள். எங்களை அனுப்பிவிட்டு யாரை வைத்தார், எவ்வளவுக்கு வைத்தார் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பக்கம் போகிற போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். கேட்டில் பூட்டுத் தொங்கும். விற்கப் போகிறார் என்று நினைத்தேன். விற்கவும் இல்லை. ஒருநாள் எதிர்வீட்டுக்காரி என்னைக் கண்டுவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"எவ்வளவோ பேர் கேட்டாங்கக்கா, குடுக்கல. படிக்கிற பொண்ணு இருக்குற குடித்தனமா வரட்டும்னு சொல்லிட்டாங்க. புயல் அடிச்சப்ப கூட வாடகைக்குக் கேட்டு வந்தவங்ககிட்டயும் முடியாதுன்னுதான் சொன்னாங்க, எம் பொண்ணு அங்க படிச்சிக்கிட்டிருக்குன்னு."

யாருடைய பொண்ணு என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. எனக்குக் கோபமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது. வெயிலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.