ஹீட்டருக்குள் இருந்த குளிர்ந்த தண்ணீர்

வளைகுடாவில், குதைபியா என்ற ஊர்ப்பகுதியில் என் அறைத்தோழரான திருநெல்வேலி அண்ணாச்சி, முகம் நிறையப் பவுடரோடுதான் வெளியே கிளம்புவார். கோடையில் மொட்டைமாடித் தொட்டி கொதிப்பதால் குழாயைத் திறந்தால் தோல் வெந்துவிடும். வீட்டுக்குள் அணைத்து வைத்த ஹீட்டரில் தேங்கி ஆறியிருப்பதுதான் குளிர்ந்த தண்ணீர். அது முழுவதையும் அவரே ஊற்றிக்கொள்வார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். ஆபீஸ் வேலைக்கு இன்டர்வியூ வந்ததும், முந்தின நாளே ஹீட்டரிலிருந்து ஒரு வாளி தண்ணீர் பிடித்து மூடிவைத்தேன். காலையில் வாளி காலி.

“அண்ணாச்சி, அது நான் இன்டர்வியூவுக்குக் குளிக்கப் பிடிச்ச தண்ணி!”

“அதான பாத்தேன்! படிச்ச புள்ள படிச்ச புள்ளதாம்ல. என்னமா குளுகுளுன்னு இருந்துச்சு!”

குளிக்காமலே போனேன். நாறிவிடுமோ என்று கைகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டே பதில் சொன்னேன். அடக்கமான பையன் என்று வேலை கொடுத்துவிட்டார்கள்.

“பாத்தியா, உனக்கும் சேத்து நான் குளிச்ச ராசி” என்றார் அண்ணாச்சி.

விளையாட்டாகச் சொன்னாரா, உண்மையிலேயே நம்பினாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.