குவித்துப் போட்ட கரண்டி

சலவை நிலையத்தில் அவளுக்கு நத்தை என்று பெயர். பள்ளியில் வைத்த பெயர் மோப்பம் பிடித்துக்கொண்டு இங்கேயும் வந்துவிட்டது. இஸ்திரி மேஜை முன் நின்ற சற்று நேரத்தில் அவள் தோள்கள் கல்லாய் இறுகும், கை நின்றுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் எங்கிருந்தோ தெம்பு வரும். பிறகு மாலைவரை நிதானமாகத் தேய்ப்பாள். ஆனால் அந்த முதல் நிமிடங்களை மட்டும் பார்த்தவர்கள் சொன்னது ஒன்றுதான்: சோம்பேறி. பெற்ற தாயே அப்படித்தான் சொன்னாள். கேட்டுக் கேட்டு நத்தையே அதை நம்பிவிட்டாள் என்பதுதான் கொடுமை!

நாற்பது வயதுக்குப் பிறகு ஒரு டாக்டரம்மா அவள் தொடையிலிருந்து மிளகளவு தசை எடுத்துச் சோதித்துவிட்டு, "உங்க மேல தப்பே இல்லம்மா" என்றார். தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரையை உடைத்து எரிக்க முடியாத பிறவிக் குறை. அப்பா, அம்மா இருவர் வழியாகவும் வந்தது. அன்று பேருந்து நிறுத்தத்தில் அமர்ந்து அழுதாள். பேருந்துகள் வந்தன, போயின. அவள் எழவில்லை.

அடுத்த முறை கணவரின் வண்டியில் போனாள். குணப்படுத்தும் மருந்து இல்லை என்றார் டாக்டரம்மா. "கிரியேட்டின்னு ஒரு பொடி இருக்கு. சில தசை நோய்களுக்குக் கொஞ்சம் பலம் குடுக்குது. உங்க நோய்க்கு உறுதியா சொல்ல முடியாது. சின்ன அளவுல பாக்கலாம். தினம் ஒரு கரண்டி, தட்டிச் சமமாப் போடணும். கூடக் கூடாது."

வெளியே வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்த கணவருக்கு இது கேட்கவில்லை. அவரிடம் அவள் சொன்னது, "தினம் ஒரு கரண்டியாம்" என்று மட்டும்தான்.

அவர் மின்வேலை செய்பவர். டப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "ஜிம் பசங்க சாப்பிடுறதுல்ல இது? இனி நீ என்னைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறலாம்."

"அந்தத் தொப்பையக் கீழயே எறக்கி வச்சுட்டு வாங்க, அப்புறம் பாப்போம்."

பொடி கலக்குவது அவர் வேலையாயிற்று. சில நாள் கழித்து அவள், "இன்னிக்குப் பரவாயில்லங்க" என்றாள். அந்த மனிதரின் முகம் பூத்ததைப் பார்க்க வேண்டுமே! மறுநாளே கரண்டியில் பொடி குவிந்தது. பிறகு இரண்டு கரண்டி. ஆசையை யாராவது தட்டிச் சமப்படுத்துவார்களா?

அவளுக்குக் கெண்டைக்கால் ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கியது. சொன்னால் அவர் முகம் வாடிவிடும். "பரவாயில்லங்க" என்றே சொன்னாள். அவர் இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

மேஜையில் துணி மலையாய்க் குவிந்தது. முதலாளியம்மா வந்து நின்றாள். "ஹோட்டல்காரன் போர்வை கேட்டுக் கத்துறான். இந்த மாசத்தோட மேஜைக்கு வேற ஆள் பாக்கவா?"

அந்த மேஜை போனால் அவளுக்கென்று உலகில் என்ன இருக்கிறது? மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தாள்.

மறுநாள் காலை, சிறுநீர் பால் விடாத தேநீர் நிறத்தில் போயிற்று. "என்னங்க..." என்று குளியலறையிலிருந்து கேட்ட குரலில் அவர் செருப்பு மாட்டக்கூட மறந்து ஓடினார்.

"எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா. கணவர் உள்ளங்கையில் கூம்பாய்க் காட்டினார்.

"இந்த நோய்ல அளவு மிஞ்சினா வலி கூடும். வலியோட உழைச்சதுல தசை சிதைஞ்சிருக்கு. நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க."

சலைன் ஏற ஏறச் சிறுநீர் தெளிந்தது. கட்டிலருகே கணவர் குலுங்கி அழுதார். "என் கையாலயே உன்னை..."

"வலிக்குதுன்னு நான் சொல்லவே இல்லையே. தப்பை ஆளுக்குப் பாதியா வச்சுக்கலாம். அழாதீங்க, நர்ஸ் பாக்குறாங்க."

பொடி நின்றது. பழைய வலி பழைய அளவுக்குத் திரும்பியது. வேலைக்குப் போன முதல் நாள், முதலாளியம்மாவிடம் தன் நோயைச் சொன்னாள். மருந்தால் குணமாகாது என்பதையும் மறைக்கவில்லை. "ஆரம்பத்துல மட்டும் மெதுவாச் செய்ய விடுங்கக்கா. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கங்க."

"எத்தனை தடவ திட்டியிருக்கேன்! அப்பவே வாயத் தொறந்திருக்கலாம்ல?"

"எனக்கே இப்பத்தானேக்கா தெரிஞ்சுது."

முதலாளியம்மா போர்வைக் கட்டைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, கைக்குட்டைக் கூடையை மேஜையில் வைத்தாள். "முதல்ல இதத் தேய். கை இளகினப்புறம் போர்வைக்கு வா."

"ஹோட்டல்காரன்?"

"கத்தட்டும். தொண்டை அவனுது."

நான்காவது கைக்குட்டையில் தோள் இறுகியது. அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். எல்லோர் கண்ணெதிரிலும், தலை குனியாமல், கை இளகும்வரை சும்மா நின்றாள்.