லிஸ்டர் நீட்டிய கை

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுவது என் தொழில். எவ்வளவு தேய்த்தாலும் விரல்களில் சிவப்பு போகாது. அதற்கு வெட்கப்பட்டே கல்யாண வீடுகளில் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்பேன். மகளின் கல்லூரிப் படிவத்தில்கூட ‘ஜவுளி வியாபாரம்’ என்றுதான் எழுதினேன்.

போன மாதம் மகள், சென்னை அலுவலகத்துக்கு வந்திருந்த தன் இங்கிலாந்து மேலதிகாரியை வீட்டுக்கு அழைத்து வந்தாள். பெயர் லிஸ்டர். அவர் கை நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். மகளின் முகம் சுண்டிவிட்டது. சட்டென்று என் தொழிலை அவரிடம் உடைத்துச் சொல்லிவிட்டாள். எனக்கு வந்த கோபம்!

அவரோ குதூகலமாக ஏதோ சொன்னார்.

“அப்பா, லிஸ்டர்ன்றது அவங்க குடும்பப் பேராம். அந்தக் காலத்துல அவங்க ஊர்ல சாயம் போடறவங்கள அப்படித்தான் கூப்பிடுவாங்களாம். இப்ப வீட்ல யாருக்கும் அந்த வேலை தெரியாதாம். பேரு மட்டும் கூடவே வந்துகினு இருக்குதாம்.”

அவர் மறுபடி கை நீட்டினார். இம்முறை கொடுத்தேன். குலுக்கிவிட்டுத் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சாயம் ஒட்டலையேன்னு கேக்குறாருப்பா.”

“நான் போட்டா ஒட்டாது, கெட்டிச் சாயம்னு சொல்லும்மா!”

இத்தனை வருடம் ஒளித்துவைத்த கையை ஆட்டி ஆட்டி அப்படிச் சொன்னது நான்தானா என்று இன்றும் நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன்.